கப்பல் நாலு மணிக்கு, கேட் இரண்டரைக்கு

“அக்கா, அப்பா ஷூவைக் கழட்டிட்டாரு.”

அது ஒரு புதன்கிழமை, நண்பகல் தாண்டியிருந்தது. அன்று கப்பலேற வேண்டிய குடும்பம் இந்நேரம் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கும் என்று நம்பி, அசாம் ஜாவா ஊரில் இருக்கும் என் டிராவல் கடையிலிருந்து அந்த வீட்டு மகள் கவிதாவுக்கு ஃபோன் போட்டேன். அவள் இன்னும் புக்கிட் பெலிம்பிங் வீட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“கழட்டுனா திரும்பப் போடச் சொல்லு லா!”

“மாட்டேங்கிறாருக்கா. ராகு காலம் ஆரம்பிச்சிருச்சாம். ஒன்றரைக்கு மேலதான் வாசப்படி தாண்டுவாராம்.”

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் கிளம்புவது நாலு மணிக்கு. ஆனால் செக்-இன் கேட் இரண்டரைக்கே மூடிவிடும். அவர்கள் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், அதுவும் லோரிகள் வழிவிட்டால். ஒன்றரைக்குக் கிளம்பினால் மூடிய கேட்டைத்தான் பார்க்கலாம்.

1. வேறு நாளே கிடையாது

டிராவல் தொழிலுக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை குரூஸ் போகிறவர்கள் கடைக்கு வந்தால் கேட்பது இரண்டே கேள்வி. “சாப்பாடு நம்ம சாப்பாடா?” “ரூம்ல ஜன்னல் இருக்கா?” மற்றதை எல்லாம் நாம்தான் கேட்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா? யாருக்காவது நோய் உண்டா, டாக்டர் கடிதம் இருக்கிறதா? தலைசுற்றுகிறவருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேபின் போடுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்கவே விடாதீர்கள். பெட்டி கேபினுக்கு வந்து சேர இரவாகிவிடும்.

கவிதாவிடம் இதையெல்லாம் கேட்டிருந்தேன். பயணம் அவளுடைய அம்மாவுக்காக. லெட்சுமி அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அடுத்த மாதம் டயாலிசிஸ் தொடங்குவதாக நாள் குறித்தாயிற்று. தொடங்கினால் வாரம் மூன்று நாள் அந்த நாற்காலிதான், வெளியூர் போக்குவரத்து சுலபமில்லை. அதற்கு முன் ஒருமுறை போய்வரலாம் என்று டாக்டரும் கடிதம் கொடுத்துவிட்டார். ஐம்பத்தொன்பது வயதில் அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு தடவை கப்பலில் ஏற வேண்டும்.

ஆக, இந்தக் கப்பலை விட்டால் அவருக்கு வேறு கப்பல் இல்லை.

அன்று காலை பத்து மணிபோல கவிதா மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு சின்னத் துணிப்பையை என் மேசைமேல் வைத்திருந்தாள். “அம்மா இங்க வைக்கச் சொன்னாங்கக்கா. போற வழியில எடுத்துக்கிறோம்.”

“ஏன், உங்க வண்டியில எடம் இல்லையா? நான் கடை வச்சிருக்கேனா, ஸ்டோர் வச்சிருக்கேனா?”

“தெரியலக்கா. கேட்டா, ‘சொன்னதச் செய்’ங்கிறாங்க.”

பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வாடிக்கையாளர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

2. கேட்டுக்கு வெளியே

ஃபோனை வைத்ததும் கடையைப் பூட்டினேன். வழியில் நிறுத்தி எடுக்கிற நேரமாவது மிச்சமாகட்டும் என்று அந்தப் பையையும் காரில் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் கவிதாவின் அப்பா மணியம் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன்.

வீட்டு முன்னால் கவிதாவின் கணவன் குமார், பானெட் திறந்த காருக்குப் பக்கத்தில் நின்றான். கையெல்லாம் கறுப்பு.

“பேட்ரி செத்துருச்சுக்கா. பக்கத்து வீட்டுக் கார்ல வயர் குடுத்து ஸ்டார்ட் பண்றதுக்குள்ள பன்னெண்டு தாண்டிருச்சு. மாமா அதுவரைக்கும் ஷூ போட்டு ரெடியாத்தான் நின்னாரு.”

மணியம் அண்ணன் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், ஒரு குரலில் ஐம்பது பேரை வேலைக்கு இறக்கியவர். புதுச் சட்டை, புதுக் காலுறை. ஷூ மட்டும் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தது.

“அண்ணே, கப்பல் நிக்காது.”

“நாலு மணிக்குத்தானே? ரெண்டே முக்காலுக்கு அங்க இருப்போம். நம்மள விட்டுட்டா போயிருவான்? பேரு எல்லாம் அவங்கிட்ட இருக்கில்ல.”

“அது தோட்டத்து லோரி இல்லண்ணே, ஆளு கொறையுதுன்னு ஹாரன் அடிச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு. கேட்ட மூடிட்டா பிரதமரே வந்தாலும் தொறக்க மாட்டான்.”

“அப்ப போகட்டும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அக்காவுக்கு இத விட்டா எப்பண்ணே? நீங்களே சொல்லுங்க. அடுத்த மாசமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. படுக்கையறைக் கதவைப் பார்த்தார். காலை வேலையில் களைத்து அக்கா உள்ளே படுத்திருந்தார். எழுப்பிச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

“என் தம்பி ஈப்போவுக்குக் கெளம்புனப்ப இதே ராகு காலம்” என்றார் மணியம் அண்ணன், தணிந்த குரலில். “வேணாம்ணேன்னு நின்னான். நான்தான் ‘ஒன்னும் ஆவாது, போடா’ன்னு அனுப்பிச்சேன். தஞ்சோங் மாலிம் தாண்டல, வழியிலயே போயிட்டான். இப்ப சீக்காளிய வச்சிக்கிட்டு, நடுக்கடலுக்கு, அதே நேரத்துல நான் எப்படிம்மா வாசப்படி தாண்டுவேன்?”

முரட்டுப் பிடிவாதம் என்று நினைத்து வந்தவள் நான். அந்த மனிதர் பயந்துபோயிருந்தார். நாங்கள் மாதா கோவில் ஆட்கள், ராகு காலம் பார்த்துப் பழக்கமில்லை. ஆனால் பயம் தெரியும். பயந்தவனிடம் கடிகாரத்தைக் காட்டி என்ன பயன்?

இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அந்தப் பையையாவது கொடுத்துவிடலாம் என்று காருக்குப் போனேன். எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் கால் வைக்கப் போனேன்.

“ஸ்டெல்லா! அத உள்ள கொண்டாராத!”

லெட்சுமி அக்கா. சத்தம் கேட்டு எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி நின்றுவிட்டேன்.

“வெளியவே நில்லு. பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது.”

மணியம் அண்ணன் எழுந்து வந்தார். “அது என்னா பை?”

“பரஸ்தானம்” என்றார் அக்கா. “காலையில நல்ல நேரத்துலயே வெளிய அனுப்பிட்டேன். என் சேலையும் மருந்தும் இருக்கு. உங்க சட்டையும் ஒன்னு இருக்கு. நாம ரெண்டு பேரும் பத்து மணிக்கே கெளம்பியாச்சு.”

கெட்ட நேரத்தில் புறப்பட வேண்டி வரும் என்று தோன்றினால், நல்ல நேரத்திலேயே தன் பொருள் ஒன்றை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவது. அதுவே புறப்பட்டதாகக் கணக்கு. போகும்போது அதை எடுத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது. எனக்கு இதெல்லாம் பிறகு கவிதா விளக்கியது. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம், இன்னும் ஓரடி வைத்திருந்தால் எல்லாவற்றையும் நானே கெடுத்திருப்பேன் என்பதுதான்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டார் மணியம் அண்ணன்.

“சொன்னா, ‘கெளம்பும்போதே அபசகுனமா பேசுறியா’ன்னு கத்துவீங்க. குமாரு காரு லட்சணம் எனக்குத் தெரியாதா?”

குமார் தலையைக் குனிந்துகொண்டான். மணியம் அண்ணன் என் கையில் இருந்த பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஷூவை எடுத்தார். காலை நுழைத்து நீட்டினார். கவிதா மண்டிபோட்டுக் கட்டிவிட்டாள்.

நான் வேகாத வெயிலில், பையைத் தரையில் வைக்கவும் பயந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கார் கேட்டைத் தாண்டி வந்து நின்றது. அக்கா ஜன்னல் வழியே கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

3. மேசைக்கு அடியில்

அதன் பிறகு கடையில் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. ஜெராமில் சாலை வேலை என்று கவிதா மெசேஜ் போட்டாள். அப்புறம் சத்தமே இல்லை. இரண்டு மணி தாண்டியது. இரண்டேகாலும் தாண்டியது. ஆண்டவரே, அந்தக் கேட்டை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளும் என்று வாய்விட்டே சொன்னேன்.

இரண்டு முப்பத்தாறுக்கு ஃபோன் சிணுங்கியது. “உள்ள போயாச்சுக்கா. எங்களுக்குப் பின்னால கயிறு கட்டிட்டாங்க.” கடை நாற்காலியில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

தொழில் பாடம் கேட்டால் இதுதான். கப்பல் கிளம்பும் நேரத்தை வாடிக்கையாளரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். கேட் மூடும் நேரத்தைச் சொல்லுங்கள். அதோடு, வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேளுங்கள். ஏன் அந்த நேரம் என்றும் கேளுங்கள். நான் இப்போது ராகு காலத்தையும் பார்த்துத்தான் புக்கிங் போடுகிறேன், எங்கள் பாதரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போன மாதம் ஒரு நாள், கடை திறக்கும்போதே மணியம் அண்ணன் வாசலில் நின்றார். கையில் அதே துணிப்பை.

“இன்னைக்கு மத்தியானம் அவளுக்கு மொத டயாலிசிஸ்மா. ஆஸ்பத்திரியில குடுத்த நேரம் நல்லா இல்ல. இதக் கொஞ்சம் வச்சிரு. போற வழியில எடுத்துக்கிறோம்.”

நான் ஸ்டோரா வைத்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. வாங்கி, இந்தத் தடவை மேசைமேலேயே வைத்தேன். அவர் போனதும் அதன்மேல் கை வைத்து, எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். பிறகு மத்தியானம்வரை அந்தப் பையைவிட்டு நான் நகரவே இல்லை.