கைடு சாரும் எவர்சில்வர் மூடியும்

திருப்பதியை நான் ஒரே ஒரு நாள்தான் சுற்றிப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் நூறு தடவை போயிருக்கிறேன் என்பது வேறு விஷயம். நகரியில் இருப்பவர்களுக்குத் திருப்பதி என்பது மொட்டை போடும் ஊர், பல் பிடுங்கும் ஊர், கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கும் ஊர். பக்கத்து ஊரை யார் நின்று பார்க்கிறார்கள்? மலை அங்கேயே இருந்தது, நாங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே இருந்தோம். எனக்கு ஒன்பது வயதான ஐப்பசியில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து மாலை வரை டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, கைடு கைகாட்டிய பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பி, வெளியூர்க்காரி மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்தக் கைடு என் மாமா. அது யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் தறிக் கொட்டாயில் நான்கு விசைத்தறிகளுக்கு நடுவே பன்னிரண்டு வருஷமாக நின்றவர். அந்த வேலையை விட்டுவிட்டு, திருப்பதியைச் சுற்றிக் காட்டும் ஒரு சின்ன டூர் கம்பெனியில் கைடாகச் சேர வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவரைவிட அம்மாவுக்கு. "இந்த வேல மட்டும் கெடச்சுதுன்னா கொட்டாய வுட்டு என் தம்பி தப்பிச்சுருவான்" என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பஞ்சுத் தூசியிலிருந்து தப்பிப்பதைச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் மாமாவுக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். பஸ்ஸில் பாதி சீட்டாவது நிரம்ப வேண்டும், காலை முதல் மாலை வரை தடங்கலில்லாமல் பேச வேண்டும், வந்தவர்கள் குறை சொல்லக் கூடாது, எங்கள் ஆள் பின்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார் என்றார்கள். பேச்சுக்கு மாமா தயார். நூல்கண்டு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் ஊர்ச் சரித்திரமெல்லாம் எழுதித் தறிச் சட்டத்தில் ஒட்டிவைத்திருந்தார். குறுக்கே ஊடை நூலை இழுத்துப்போகும் நாடா அங்குமிங்கும் பாய, டடக் டடக் என்று தரையே துள்ள, ராஜாக்களும் சாமிகளும் அவர் வாயிலிருந்து வரிசையாகப் புறப்படுவார்கள். ஓடும் தறிக்குள் பேச்சு என்பது கிடையாது. கத்தல் உண்டு, கையசைப்பு உண்டு, எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது உண்டு. கொட்டாய் வாசலில் உட்கார்ந்து அவர் கத்தக் கத்தக் கேட்டே எனக்கும் பாதி மனப்பாடம்.

ஆனால் சீட்டு? அதற்குத்தான் நாங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மாமா எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு ஊர் கொடுத்தார். நைனாவுக்கு நாயுடுபேட்டை. பெரியப்பாவுக்குப் பங்காருபாளையம், மாங்காய் வியாபாரம். அம்மாவும் நானும் சித்தூர். கொட்டாயில் கூட வேலை செய்த நாலு பேருக்கு ஆளுக்கொரு திசை. யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

"நாயுடுபேட்டைல இன்னா தொழிலுன்னு கேட்டா?" என்றார் நைனா.

"எதனா சொல்லு பாவா. ஒரு நாளு பொய் சொன்னா நாக்கு அழுகிடாது." அக்கா புருஷனைத் தெலுங்கு வழக்கப்படி பாவா என்றுதான் மாமா கூப்பிடுவார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் நான் உனுக்கு மாமா இல்ல. கைடு சார். இன்னா?"

"அம்மாவ இன்னான்னு கூப்டுவ?"

"மேடம்னு."

"மேடம்னு கூப்ட்டுப் பாரு, தொடப்பக்கட்ட பிஞ்சிரும்" என்றாள் சித்தூர் மேடம்.

எனக்கு மட்டும் அம்மா தனியாக ஒரு வேலை கொடுத்தாள். "நீ முதல் சீட்டுல குந்து. எவன் இன்னா கேட்டாலும் நீ எழுந்து நின்னு, கைடு சார் மொகத்தப் பாத்து, அதயே இன்னொரு தபா கத்திக் கேளு."

"எதுக்கும்மா?"

"பின்னாடி குந்திக்கினு கீறவங்களுக்குக் கேக்க வாணாமா?"

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் ஏன் முன்னால் பார்த்துக் கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதவி கிடைத்தவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

மறுநாள் பஸ் கிளம்பியபோது உண்மையான பயணிகள் இரண்டே பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்த வயதான தம்பதி, கழுத்தில் மப்ளரும் கையில் நோட்டுப்புத்தகமுமாக. பின்சீட்டில் கம்பெனி ஆள், கனத்த கண்ணாடி, சிரிப்பைச் செலவழிக்காத முகம். மீதிப் பேரெல்லாம் ஒரே தெருவிலிருந்து ஒரே டெம்போவில் வந்து இறங்கி, ஸ்டாண்டில் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டவர்கள்.

மாமா பேசினார். பஸ் குலுங்கக் குலுங்க அவர் பேச்சும் குலுங்கி வந்தது. மைக் இருந்தது, அது தேவைப்படவில்லை. "லெஃப்ட்ல பாருங்க! மலைங்க ஏழு! ஆதிசேஷனோட தலைங்க ஏழு!" என்று அவர் கத்தியதில் ரோட்டோரம் மேய்ந்த எருமை தலைதூக்கியது. கோயம்புத்தூர்க்காரர் ஏதாவது கேட்பார், நான் துள்ளி எழுந்து மாமா முகத்துக்கு நேராக அதையே கத்துவேன், மாமா பதில் கத்துவார், பங்காருபாளையத்துப் பெரியப்பா "அப்பிடியா சங்கதி!" என்று கத்துவார். கொட்டாய்க்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அந்த பஸ்ஸில் மெதுவாகப் பேசியவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் மட்டும்தான். அவர்களும் பத்து மணிக்கெல்லாம் கத்த ஆரம்பித்திருந்தார்கள்.

ஆனால் ஒரு கோளாறு. பஸ் நின்றால் மாமாவும் நின்றுவிடுவார். திருச்சானூரில் டிரைவர் இஞ்சினை அணைத்ததும், தாயார் கோயில் குளத்தின் கதை பாதிப் படியில் நின்றுவிட்டது. மாமா வாயைத் திறந்தபடி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையைக் கடித்தாள். டிரைவருக்கு என்ன தோன்றியதோ, வண்டியை ஓரம்கட்ட மறுபடி ஸ்டார்ட் செய்தார். தாயார் தாமரையிலிருந்து எழுந்தாள். கோவிந்தராஜர் கோயிலில் தவில் காப்பாற்றியது. கபில தீர்த்தத்தில் மழைத்தண்ணீர் மலையிலிருந்து கொட்டி, பாறை அதிர, சாரல் எங்கள் முகமெல்லாம் தெறிக்க, மாமா அருவியோடு போட்டிபோட்டுப் பேசினார். அன்றைக்கு மாதிரி அழகாக அவரை நான் பார்த்ததில்லை. தண்ணீருக்கு முன்னால் தலை நனைந்து, கையை வீசி, ஏதோ அவரே மலையைப் பிளந்து அருவியைத் திறந்துவிட்டவர் மாதிரி.

எங்கள் குட்டு உடைந்தது கோயில் வீதியில், ஒரு ஜவுளிக்கடை வாசலில். வெளியே ஒரு புடவை தொங்கிக்கொண்டிருந்தது. நாயுடுபேட்டை அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தது. அடுத்து பங்காருபாளையம். அடுத்து சித்தூர். மற்ற நாலு திசைகளும் வரிசையாக வந்து அதே இடத்தில், அதே இரண்டு விரலால் தேய்த்துவிட்டு, அதே மாதிரி உதட்டைப் பிதுக்கின. மாங்காய் வியாபாரி, "ஊடை நூலு மட்டம்" என்றார்.

கம்பெனி ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா பாப்பா, அதோ தூங்கறாரே, ஆயன எவரு? யாருன்னு தெரியுமா?"

நைனா ஜன்னலில் சாய்ந்து கிடந்தார். நான் விசுவாசமானவள். "தெரியாது சார். அவுரு நாயுடுபேட்டை. தூங்கனா அப்டித்தான் கொறட்ட வுடுவாரு, திருப்பிப் போட்டா நின்னுடும்."

"ஓஹோ" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

மத்தியானம் புளிச்சோறு. ஏழு ஊர்க்காரர்களும் ஏழு தூக்கைத் திறந்தால் ஏழிலும் ஒரே புளிச்சோறு, ஒரே வறுத்த வேர்க்கடலை. அதைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கை நீட்டி வாங்கித் தின்றார்.

கடைசி இடம் சந்திரகிரிக் கோட்டை. வெயில் இறங்கி, மகாலின் சுவர் தேன் நிறத்தில் நின்றது. உள்ளே போனோம். இஞ்சின் இல்லை, தவில் இல்லை, அருவி இல்லை. தூண்களுக்கு நடுவே கல் குளிர்ச்சி, மேலே எங்கோ ஒரு புறா. மாமா கூடத்தின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தார். "இந்த மகால்..." என்றார். அவ்வளவுதான். காலடியில் தரை அசையாமல் கிடந்தது. அவர் செருப்பை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். "இந்த மகால்..."

கோயம்புத்தூர் அம்மாள் தொண்டையைக் கனைத்தாள். கம்பெனி ஆள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சாமி கும்பிடும்போதுகூட அவள் அப்படிக் கையைப் பிசைந்ததில்லை. அந்தப் பேனா தாளைத் தொட்டால் திங்கட்கிழமை மாமா மறுபடியும் நான்கு தறிகளுக்கு நடுவில்.

அடுத்து வரும் வரி எனக்குத் தெரியும். ஆனால் வரிக்கு முன்னால் வர வேண்டியது அங்கே இல்லை என்பதும் தெரியும். அம்மா காலடியில் வைத்திருந்த தூக்கிலிருந்து எவர்சில்வர் மூடியைப் பிடுங்கினேன். முதல் வரிசைக்கு ஓடி, அவர் கண்ணுக்கு நேராக மூடியைத் தூக்கிப் பிடித்து, உள்ளங்கையால் அடித்தேன். டடக் டடக். டடக் டடக்.

புறா பறந்தது. நைனா கைதட்டினார். பெரியப்பா செருப்புக்காலால் கல்லை உதைத்தார். நாலு திசைகளும் சேர்ந்துகொண்டன. ராஜாக்கள் கட்டிய கூடத்துக்குள் நகரியின் ஒரு கொட்டாய் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தது. மாமா என் கையைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு வந்தது பாருங்கள் மடை திறந்து: "இந்த மகாலுக்கு மரம் கெடையாது! ஒரு உத்தரம் கெடையாது! செங்கல்லு, சுண்ணாம்பு, கருங்கல்லு! விஜயநகரத்து ராஜாங்க வந்து குந்தின எடம்!" அவர் கைவீசிய இடத்தில் யானை நின்றது, கொடி பறந்தது, ராணி மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கோயம்புத்தூர்க்காரர் நோட்டுப்புத்தகத்தை மடக்கித் தொடையில் தாளம் போட்டார். "எந்த ஊர்லயும் இப்படி ஒரு கைடை நான் பார்த்ததில்லைங்க!" என்று மனைவியின் காதில் கத்தினார்.

பேச்சு முடிந்ததும் ஆனந்தத்தில் நான், "மாமா!" என்று கூவிவிட்டேன். அப்புறம்தான் வாயைப் பொத்தினேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி ஆள் தன் பையிலிருந்து ஒரு நீலத் தொப்பியை எடுத்தார். மாமாவின் தலையில் வைத்து, கோணலைச் சரிசெய்தார். நாயுடுபேட்டையும் பங்காருபாளையமும் கட்டிக்கொண்டு குதித்தன. அவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். சொல்லும்போது தன் காதை இரண்டு விரலால் தொட்டுக் காட்டினார். அம்மா கைகூப்பினாள், கண்ணில் நீர். எனக்குப் புரிந்துவிட்டது. நாள் முழுக்கப் பொய் சொன்னதற்குத் தண்டனை. முதல் குற்றவாளி நான்தானே? நானாகவே காதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மூன்று தோப்புக்கரணம் போட்டேன். சிரிப்பைச் செலவழிக்காத அந்த மனிதர், டயரில் கைவைத்து, மூச்சு முட்டச் சிரித்தார்.

தறிச் சத்தத்தில் மாமாவின் காது போய்க்கொண்டிருந்தது என்பது எங்கள் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது. கொட்டாயை விட்டால் இருப்பதாவது மிஞ்சும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். கம்பெனி ஆளின் அப்பாவும் தறிக்காரராம், திருச்சானூரிலேயே கண்டுபிடித்துவிட்டாராம். முதல் சீட்டில் என்னை உட்காரவைத்தது கேள்வி பின்னால் போய்ச் சேர அல்ல. என் உதட்டைப் பார்த்து மாமா கேள்வியைத் தெரிந்துகொள்ள. இதெல்லாம் எனக்குத் தெரியவர வருஷங்கள் ஆயின. அப்போதும் ஒன்று மட்டும் என்னிடம் பத்திரமாக இருந்தது: என் மூடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாமா பேசினார் என்ற பெருமை.

தொப்பி வெளுக்க வெளுக்க, வேறு தொப்பி மாற்றி மாற்றி, மாமா அந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். போன மாதம்தான், மகன் பிடிவாதத்தில், சித்தூரில் காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டு வந்தார். நான் பார்க்கப் போனேன். காப்பி கொதிப்பது கேட்கிறது, பல்லி கேட்கிறது, உங்க அத்தை இத்தனை வருஷம் இவ்வளவு பேசினாளா என்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று அடுக்களைக்குப் போய் ஒரு எவர்சில்வர் மூடியோடு வந்தார்.

"பாப்பா, அன்னிக்குக் கோட்டைல தட்டுனியே, அத தட்டு."

"அதான் அன்னிக்கே கேட்டியே மாமா."

"எங்க கேட்டேன்? உன் கையத்தான் பாத்தேன். தரைல ஒண்ணும் தெரியல, காதுல ஒண்ணும் வுழல. உன் கை மட்டும் தறி மாதிரி ஓடிக்கினு இருந்துச்சு."

நான் மூடியைத் தூக்கிப் பிடித்தேன். ஐம்பதை நெருங்கும் உள்ளங்கையால் அடித்தேன். டடக் டடக். டடக் டடக். மாமா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, முழுசாகக் கேட்டார்.

"ச்சே, இன்னா தாளம் இது! நாலு தறிலயும் ஒரே நேரத்துல நூலு அறுந்த மாதிரி கீது. இத்த நம்பியா நான் ராஜா கதை சொன்னேன்?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தபா தட்டு."