ஆம்புலன்ஸை ஒட்டி வந்த பைக்

பொங்கல் முடிந்து சென்னை திரும்பும் கூட்டத்தில் இன்று பெருங்களத்தூரில் எங்கள் பஸ் அசையாமல் நின்றது. பின்னால் பச்சைக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஒன்று அலறியது. அதை ஒட்டியே ஒரு பைக்.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே புகுந்து முன்னேறும் ஆட்களை எனக்கு அறவே பிடிக்காது. ஜன்னல் வழியாகக் கத்தினேன். "வெக்கமா இல்லையாய்யா உனக்கு?"

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். பக்கத்து வீட்டு சேகர். காம்பவுண்டுச் சுவர் தகராறில் மூன்று வருடமாக அவனோடு பேச்சில்லை.

"சார், உள்ள என் பொண்ணு. காலைலதான் பொறந்தா. மூச்சு விட முடியல. டாக்டர், நர்ஸ், கண்ணாடிப் பெட்டி... எனக்கு உள்ள இடமில்ல சார்."

எங்கள் கண்டக்டர் குதித்து இறங்கினார். "யோவ் லாரி, லெஃப்ட்ல ஒடிய்யா! உள்ள கொயந்த கீது!"

லாரியும் ஷேர் ஆட்டோக்களும் ஒதுங்கின. ஆம்புலன்ஸ் போய்விட்டது.

முன்பு ஒரு நாள், எட்டாம் மாதத்திலேயே பிறந்த எங்கள் முதல் பையனை, பஞ்சில் சுற்றி மனைவியின் மடியில் வைத்து, இதே சாலையில் வாடகைக் காரில் கொண்டுபோனோம். நான் இறங்கி நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருவரும் நகரவில்லை. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அவன் போய்விட்டான்.

சேகரின் பெண்ணுக்கு மூச்சு சீராகிவிட்டதாம். மாலையில் தெருவில் சொன்னார்கள். நன்றாக இருக்கட்டும். ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் நான் ஒருவன்தானா? வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.