பிறைக்குத் தேதி போட்ட கதை

1. முதல் காகிதம்

புதுவயல் அரிசி மில்லில் நான் கிளார்க்காகச் சேர்ந்தது அறுபதுகளின் பின்பாதியில், ஒரு ஜனவரி மாதம். சொந்த ஊர் சிவகங்கை. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர். ஆபீஸ் வாசலில் ஆறு படி, நெல் ஊறவைக்கும் தொட்டி நான்கு, ஆட்கள் அறுபத்திரண்டு பேர். சேர்ந்த அன்றே இவ்வளவையும் எண்ணிவிட்டேன். எண்ணாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இன்றும் அப்படித்தான்.

முதல் வேலை அந்த வருஷத்து விடுமுறைப் பட்டியல். தேசிய விடுமுறைகள் போகப் பண்டிகைக்கு ஐந்து நாள். ஆட்களைக் கேட்டு, தேதியோடு டைப் அடித்து, நோட்டீஸ் போர்டில் ஒன்று ஒட்டி, லேபர் இன்ஸ்பெக்டருக்கு ஒன்று அனுப்ப வேண்டும். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை மூன்றுக்கும் பேச்சே இல்லை. நான்காவது, முத்துமாரியம்மன் பால்குடம். களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் இருபத்து மூன்று பேரில் பதினான்கு பேர் பால்குடம் எடுப்பவர்கள். ஐந்தாவது, ரம்ஜான். முஸ்லிம்கள் ஒன்பது பேர்தான். ஆனால் பாய்லர்மேன் காதர் ராவுத்தர் அவர்களில் ஒருவர். லைசென்ஸ் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அவர் பாய்லரை மூட்டாவிட்டால் ஒரு படி நெல் அவியாது.

அவர்தான் என் மேஜைக்கு வந்து சொன்னார்.

“தம்பி, ரம்ஜானுக்கு மட்டும் தேதி போடாதீக. பிறை பாத்துன்னு போட்டுருங்க.”

“ஃபாரத்துல தேதிக்குத்தான் கட்டம் இருக்கு, அண்ணே. பிறைக்குக் கட்டம் இல்ல.”

“அப்பக் கட்டத்த மாத்துங்க. பிறைய மாத்த முடியாதுல்ல?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான் காலண்டரைப் பார்த்துத் தேதியை அடித்தேன்.

2. பானை

அந்த வருஷம் நோன்பு முடிவது மார்கழியில் வந்தது. பாய்லரின் பிரஷரைக் குறிக்க நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை அங்கே போவேன். உமி எரியும் அடுப்புவாய்க்கு முன்னால் அரை நிமிஷம் நின்றாலே எனக்கு நாக்கு வறளும். ராவுத்தர் விடியலிலிருந்து அங்கேயே நிற்பார். மூலையில் ஒரு மண்பானை, அதன்மேல் கவிழ்த்த டம்ளர். வருகிறவர் போகிறவரெல்லாம் குடிப்பார்கள். இருபத்தொன்பது நாளில் அவர் கை ஒரு தடவை கூட அந்தப் பக்கம் போகவில்லை.

களத்துப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த வள்ளி அவரை விடமாட்டாள்.

“ராவுத்தரண்ணே, பாய்லரு கொழுத்துக்கிட்டே போகுது, நீங்க இளைச்சுக்கிட்டே போறீக. அதுக்குப் போடுறதுல பாதிய நீங்க தின்னா என்ன?”

“உமியவா? பொழுது அடையட்டும் வள்ளி, உன் வீட்டுச் சோத்துப்பானையவே காலி பண்ணுறேன்.”

3. மேற்கே பார்த்த சாயங்காலம்

இருபத்தொன்பதாம் நோன்பன்று மாலை நான்கு மணிக்கு நான்கு தொட்டியிலும் நெல் கொட்டி நீர் விட்டாயிற்று. என் நோட்டீஸ்படி மறுநாள் ரம்ஜான் லீவு. நெல் ஒன்றரை நாள் ஊறும். லீவு முடிந்த விடியலில் அவிக்க வேண்டும். தவறினால் நாற்றமெடுத்துவிடும். எல்லாம் எண்ணித்தான் செய்தேன்.

பொழுது சாய்ந்ததும் களத்தில் எல்லோரும் மேற்கே பார்த்து நின்றோம். மேகம் மட்டும்தான் இருந்தது. சற்று நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்து சொன்னார்: பிறை இல்லை, நாளைக்கு முப்பதாவது நோன்பு, நாளை மறுநாள்தான் பெருநாள்.

நோன்பிருக்கிற நாள் ராவுத்தருக்கு லீவு. மற்ற எட்டுப் பேரை விட்டுவிட்டாலும், பெருநாளன்று விடியலில் அவர் பாய்லர் மூட்ட வேண்டும். தொழுகைக்கும் போக முடியாது.

ராவுத்தர் என் முகத்தைப் பார்த்தார். “ஒரு வழி இருக்கு தம்பி. விடியக்காலைல தொட்டில வெந்நீர் விட்டா பத்து மணிக்கெல்லாம் ஊறிரும். அவிச்சுக் களத்துல போட்டு, அரை ஈரத்துல குவிச்சு மூடிட்டா ஒரு நாள் தாங்கும். ஆனா நாளைக்கு ஆளு பூராவும் வரணும். லீவுன்னு ஒட்டியிருக்கீகளே.”

முதலாளி செட்டியார் அப்போதுதான் காரில் ஏறப் போனார். ஓடிப்போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“எங்க வீட்டுல பிள்ளையார் நோன்புக்குத் தினம் ஒரு நூல் இழை எடுத்து வைக்கிறோம். இன்னைக்குப் பதினாறு. இருபத்தொண்ணு எண்ணிட்டாலும், சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுதான்னு பாக்காம, நோன்ப முடிச்சு இழை எடுத்துக்க உக்காருவமா? பண்டிகைய எண்ணவும் வேணும், வானத்தப் பாக்கவும் வேணும். ஜனங்க சம்மதிச்சா நாள மாத்தும்” என்றார்.

லீவு நாளை மாற்ற ஒரு காகிதம் எழுதி, எல்லோரிடமும் சம்மதம் கேட்டேன். வள்ளி முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நாளைக்கு என் மகளுக்குக் காதுகுத்து. மார்கழின்னும் பாக்காம, உங்க பேப்பர நம்பித்தான் நாள் வச்சேன். கண்டரமாணிக்கத்துலருந்து எங்கண்ணன் வந்து இறங்கியாச்சு. கெடா கட்டிக் கெடக்கு. இப்ப வந்து மாத்துன்னா?”

ராவுத்தர்தான் சொன்னார்: “விடு வள்ளி. பிள்ளை காரியம் நடக்கட்டும். நான் ஒருத்தன்தானே, பெருநாளன்னைக்கு வந்து மூட்டிட்டுப் போறேன்.”

வள்ளி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“முப்பது நாளு தண்ணி குடிக்காம நெருப்பு முன்னாடி நின்னுட்டு, பெருநாளன்னைக்கும் அங்கயேவா நிப்பீக? நல்லாருக்கே!” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “காது குத்த எம்புட்டு நேரம் ஆகும்? கறி திங்கத்தான் நாள் பூராம். பத்து மணிக்குக் களத்துல நிப்பேன். கைநாட்டு எங்க வைக்கணும், காட்டுங்க.”

அவள் வைத்ததும் மற்றவர்களும் வைத்தார்கள். அறுபத்திரண்டையும் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வள்ளி வந்துவிட்டாள். கூடவே அவள் அண்ணன், மஞ்சள் வைத்த புது வேட்டியோடு. “தாய்மாமன் சீர் என்னன்னு கேட்டாக, நெல்லு துழாவுறதுன்னுட்டேன்” என்று சொல்லிக்கொண்டே, வேட்டியை மடித்துக் கட்டிக் களத்தில் இறங்கினார். பொழுது அடைவதற்குள் எல்லா நெல்லையும் குவித்து மூடினோம்.

4. பெருநாள்

மறுநாள் எனக்கும் லீவுதான். மனசு கேட்கவில்லை. குவியல்களுக்குள் கை விட்டுச் சூடு பார்க்க மில்லுக்குப் போனேன். பதினோரு குவியல். ஒன்பதாவதில் கை வைத்திருக்கும்போது ராவுத்தர் வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் மணம்.

“இன்னைக்கு இங்க என்னண்ணே?”

அவர் நேரே பாய்லர் ரூமுக்குள் போனார். அடுப்பு ஆறிக் கிடந்தது. பானையைச் சரித்து, டம்ளரில் நீர் எடுத்து, எப்போதும் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு மாசமா இந்தப் பானையப் பாத்துக்கிட்டே நின்னேன், தம்பி. இந்த எடத்துல உக்காந்து இதுல குடிக்கணும்னு ஒரு ஆசை.”

மூன்று டம்ளர் குடித்தார்.

அடுத்த ஜனவரியில் ரம்ஜானுக்கு எதிரே ‘பிறை கண்டபடி’ என்று அடித்தேன். இன்ஸ்பெக்டர் தேதி கேட்டு எழுதினார். முந்தின நாள் தெரிவிக்கிறோம் என்று பதில் போட்டேன், ஒப்புக்கொண்டார். அந்த மில்லில் நான் இருந்த பதினோரு வருஷமும் இருபத்தெட்டாம் நோன்பு வந்தால் தொட்டிகளைக் காலியாக வைக்கச் சொல்லிவிடுவேன். விடுமுறைப் பட்டியல் போடும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தேதியைக் காலண்டரில் பார்ப்பதற்கு முன், அந்த நாளுக்காகக் காத்திருப்பவரிடம் போய்க் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அவராக வந்து சொல்லியும் கேட்கவில்லை.