பட்டப்பகலில் ஓர் ஆந்தை

2005-இல் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய காட்டில் பறவைகளை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சவுக்கு நடுவதற்காக அந்தக் காட்டையே ஜேசிபி அழித்துக்கொண்டிருந்தது. பெரிய இலுப்பை சாய்ந்ததும், பொந்திலிருந்த ஆந்தை வெயிலில் வந்து விழுந்தது. ஒளிய ஒரு கிளைகூட இல்லை. காக்கைகள் கூட்டமாகப் பாய்ந்து அதன் கண்ணைக் கொத்திக் கிழித்தன.

மரத்தைச் சாய்த்த டிரைவரே குதித்து ஓடி, சட்டையைக் கழற்றி ஆந்தையை மூடினார். அது அவர் கையைப் பிறாண்டியது.

“டேய், ஆந்தையத் தொடாத, வெளங்கமாட்ட!” என்று காண்ட்ராக்டர் கத்தினார்.

“எலுமிச்சம்பழம் நசுக்கிட்டுத்தான் வண்டிய எடுத்தேன், எனக்கு ஒண்ணும் ஆவாது. வீடு போனது இந்த ஆந்தைக்குத்தாங்க,” என்றார் டிரைவர்.

சட்டைக்குள்ளேயே ஆந்தை செத்தது. ரத்தக் கையோடு அவர் வண்டியேறி அடுத்த மரத்துக்குப் போனார்.

காடு அழிந்தால் பறவைகள் ‘இடம்பெயர்கின்றன’ என்றுதான் அதுவரை எழுதிவந்தேன். அந்தச் சொல்லை அதன்பிறகு என் கை எழுதவில்லை.