வெள்ளையடித்த முகம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பனிமலைக்கு முன்னால், பாவாடை தாவணியில், பால் நிறத்தில் ஒரு பெண் நிற்கிறாள். காலடியில் இரண்டு அன்னங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் "யாரு இது?" என்று கேட்பார்கள். நான்தான் அது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைக் கழற்றிக் குப்பையில் போடக் கை பரபரக்கும். இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறித் தொலையவில்லை. யார் மேல் என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பூதலூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், கருமாதி எது நடந்தாலும் ஊர் முனையில் நிற்கும் பேனர் அவர் கைவேலைதான். செத்துப்போன கிழவருக்குக்கூடக் கன்னத்தில் ரோஸ் பூசி அனுப்புவார். நான் வயசுக்கு வந்ததும் தை மாதத்தில் சடங்குக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் தட்டு வரிசை மட்டும் போதாது, மாமன் பெயர் போட்ட பேனரும் நிற்க வேண்டும். சொந்த அக்கா மகளுக்குப் பேனர் என்றால் மாமா சும்மா விடுவாரா?

படத்தை நன்றாகத்தான் எடுத்தார், பொய் சொல்லக்கூடாது. ஒரு சாயங்காலம் வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போனார். பின்னால் கதிர் சாய்ந்த சம்பா வயல். "சிரிக்காத பாப்பா, சும்மா என்னைப் பாரு" என்றார். எடுத்து முடித்துக் கேமராவைத் திருப்பிக் காட்டினார். இன்னொரு தரம் காட்டச் சொன்னேன்.

நான் கறுப்பு. அம்மாவின் நிறம். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எந்தம்பி நெறத்துல ஒரு துளி ஒட்டலியே, அப்படியே ஆத்தா நெறம்" என்பாள். அம்மா காபி கொண்டுவந்து வைக்கும்போதே அத்தை இதைச் சொல்வாள். அம்மா வாயைத் திறக்க மாட்டாள். இதைக் கேட்டே வளர்ந்த எனக்கு, அந்தச் சின்னத் திரையில் தெரிந்த முகம் அழகாக இருந்தது. என் முகம்தான், என் நிறம்தான், மஞ்சள் வெயிலில் மினுங்கியது. ஊர் முனையில் இது நிற்கப் போகிறது, அத்தை இதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று நினைக்கவே குளுகுளுவென்று இருந்தது.

சில நாள் கழித்து, பேனர் தயார், வந்து பார் என்று மாமா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் வயலைக் காணோம். பனிமலை. அன்னங்கள். மேலே "எங்கள் வீட்டு முழுநிலவே" என்று வளைந்து வளைந்து எழுத்து. நடுவில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு முகம்.

"நல்லால்ல மாமா" என்றேன்.

மாமாவின் முகம் சுருங்கிப் போனது. "மொட்டையா நல்லால்லன்னா எனக்கு என்ன வெளங்கும்? எது நல்லாருக்கு, எது நல்லால்ல, என்ன மாத்தணும், அத சொல்லு."

நியாயமான பேச்சு. இன்று நான் வேலை பார்க்கும் டிசைன் ஆபீசில் இதையேதான் ஒருவர் வந்து பாதி நாள் இங்கிலீஷில் வகுப்பெடுத்துவிட்டுப் போகிறார். நான் பதிமூன்று வயதிலேயே அதைக் கடைப்பிடித்தவள். எழுத்து நன்றாக இருக்கிறது என்று முதலில் பாராட்டினேன். பிறகு, முகம் மட்டும் வெள்ளையாகவும் கழுத்தும் கையும் கறுப்பாகவும் இருப்பதால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறது என்று பக்குவமாகச் சொன்னேன். மாமா தலையாட்டிவிட்டு உடனே திருத்தினார். கழுத்தையும் கையையும் வெள்ளையாக்கினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். நம்ம ஊரில் பனிமலை ஏது, வயலே இருக்கட்டுமே என்றேன். மலையை எடுக்காமல் அதன் அடியில் ஒரு துண்டு வயலை ஒட்டினார். அன்னங்கள் வரப்பில் ஏறி நின்றன. வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம்!

"இது நான் இல்ல மாமா!" என்று கத்திவிட்டேன். கூடவே அழுகையும் வந்தது. "அன்னிக்கு எடுத்தீங்களே, அதுல நான் அழகா இருந்தேன். அதையே போடுங்க."

மாமா மறுபடி மவுசைப் பிடித்தார். ஒன்றுமே செய்யாமல் கொடுத்தால் ஸ்டூடியோக்காரனுக்கு என்ன மரியாதை என்று முனகினார். ஆனாலும் மலையைத் தூக்கினார், அன்னத்தைத் தூக்கினார், வெள்ளையைத் தூக்கினார். வெளிச்சத்தை மட்டும் லேசாக ஏற்றினார். வாய்க்கால் கரையில் பார்த்த அதே நான் திரும்பி வந்தேன். "நீ சொன்னதும் சரிதான் பாப்பா" என்று என் கண் முன்னாலேயே சேமித்தார். தஞ்சாவூருக்கு அச்சுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சைக்கிளில் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்து, என் நிறத்திலேயே போடப் போகிறார் என்று அம்மாவிடம் குதித்துக் குதித்துச் சொன்னேன். அம்மா "அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

சடங்கன்று காலையில் மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். ஊர் முனையில், சவுக்குக் கம்பில் பனிமலை நின்றுகொண்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, கை நிறையச் சேற்றை அள்ளி, அந்த வெள்ளை மூஞ்சியில் அப்பினேன். கழுத்தில் அப்பினேன். கையில் அப்பினேன். மாமா ஓடிவந்து பிடித்து இழுத்தார். "சரின்னு சொல்லிட்டு ஏன் மாத்துனீங்க?" என்று அவர் சட்டையெல்லாம் சேறாக்கினேன்.

"என்னை ஏன்டி கேக்குற? உங்கம்மாவக் கேளு! மொதல்ல வெளுப்பா பண்ணுனியே, அதையே போடு தம்பின்னு போன் போட்டு உசுர வாங்கிட்டா."

எனக்குச் சரியென்று காட்டிய படத்தின் மேலேயே பனிமலையைச் சேமித்திருந்தார். கேமராவில் இருந்ததையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. என் முகம் உலகத்தில் எங்குமே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பேனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்பத்தான்டி அசல் ஒன்ன மாதிரியே இருக்கு" என்றாள். கூடியிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அம்மா அதற்குள் வந்துவிட்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பேனருக்குப் போய், புதுப் பட்டுப்புடவையின் முந்தானையால் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டுக் காக்கை குஞ்சுக்கு வெள்ளையடித்துவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு அந்த வெள்ளைக்காரியைத்தான் பிடித்திருக்கிறது, இல்லாவிட்டால் பட்டு பாழானாலும் பரவாயில்லை என்று துடைப்பாளா?

"இனிமே உங்கூடப் பேசவே மாட்டேன்" என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். அத்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பவில்லை. சேறெல்லாம் போன பிறகும், அந்த வெள்ளை முகத்தைத் தன் கறுத்த கையால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமாகிவிட்ட இடத்தில் இன்னும் என்னத்தைத் துடைக்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.