பத்து என்றால் எது

முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கப் போன வீட்டிலெல்லாம் முழங்கால் வலிக்காரரை எழுப்பித் தண்ணீர் கொண்டுவர வைத்தவள் நான். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். வெயிலில் வந்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்காமல் உட்கார்ந்து பேசினால் அது என்ன வீடு என்பார்கள். அவர்கள் தரையில் கையூன்றி, சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போவார்கள். அதைப் பார்த்தபடியே நான் டேப்லெட்டைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

மனிதர்கள் வலியை எப்படி உணர்கிறார்கள், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி. வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. தைலம் தேய்க்கிறீர்களா, மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறீர்களா, வலி வந்தால் வேலைக்கு லீவு போடுகிறீர்களா என்று வரிசையாகப் போகும். லீவு என்றதும் சிரித்துவிடுவார்கள். கடைசியில், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஓர் எண் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். நான்கோ அதற்கு மேலோ சொன்னால் அடுத்த பக்கம் திறக்கும். பெயர் பதிவாகும். வாரம் ஒருமுறை பஞ்சாயத்துக் கட்டடத்தில் உடற்பயிற்சி, டாக்டர், மருந்து எல்லாம் கிடைக்கும். நான்குக்குக் கீழே என்றால் திரையில் 'நன்றி' என்று வரும், அவ்வளவுதான். நாங்களாக எண்ணை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியின்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த அக்காவின் வீட்டுக்குப் போனது மத்தியான வெயிலில். ஸ்கூட்டி ஓட்டி ஓட்டி எனக்கே இடுப்பு விட்டுப் போயிருந்தது. அன்று இன்னும் ஐந்து வீடுகள் பாக்கி. அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். எனக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தவர் பாதியில் நின்று, சுவரில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். இவருக்குக் குறைந்தது ஏழு இருக்கும் என்று மனதுக்குள் நானே போட்டுக்கொண்டேன்.

எண் சொல்லச் சொன்னதும் அவர் கேட்டார். "பத்துன்னா எதுங்க மேடம்?"

"நீங்க இதுவரைக்கும் பட்டதுலயே பெரிய வலிக்கா."

"அப்ப அது என் மகன் போனதுங்க. விராலிமலை ரோட்டுல, பைக்குல போனப்ப. பத்தொம்பது வயசு."

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது வாயில் வந்துவிட்டது. "ஒடம்பு வலியத்தான் கேக்குறோம்க்கா."

"ஒடம்புலதாங்க வலிச்சுச்சு. வயித்துக்குள்ள. ஒரு வாரம் நிமிர முடியல." பிறகு முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "அதுக்கு இது ரெண்டுங்க."

நான் வாசலுக்கு வந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அவங்க சொன்னதைப் போடுங்க மேடம். நீங்க பாத்ததைப் போட்டா அது அவங்க வலி இல்ல, நீங்க நெனச்ச வலி" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளே வந்து இரண்டை அழுத்தினேன். 'நன்றி' என்று வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்காவது ஒரு நடை போய் வாருங்கள் என்றேன். "போறேங்க" என்றார். போக மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து எல்லாரையும் இன்னொரு முறை கேட்கச் சொன்னார்கள். இந்த முறை நான்கு சொன்னால் அடுத்த குழுவில் இடம் உண்டு. அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் முதல் தடவையே ஆறு என்று பட்டென்று சொல்லிப் பயிற்சிக்குப் போனவர். அவருக்குப் பத்து என்பது எப்போதோ வந்த பல் வலி. இப்போது சுவரைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்து காட்டினார். நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொரு முறையும் எழுந்து காட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

அக்கா நடவுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் டேப்லெட்டைக்கூட எடுக்கவில்லை. "அக்கா, இந்தத் தடவ நாலுன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றேன். இந்த வேலையில் நான் செய்த முதல் கள்ளத்தனம் அது.

"போன தடவ எவ்வளவுங்க சொன்னேன்?"

"ரெண்டு."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "வலி கூடத்தான் செஞ்சிருக்கு, இல்லங்கல. ஆனா இத நாலாக்குனா, அவன் போனது கொறஞ்சு போயிரும்ல மேடம். ரெண்டே போடுங்க."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. போனவனுக்கு எண் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, இருக்கிற காலைப் பாருங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. டேப்லெட்டை எடுத்துத் திறந்தேன். என் விரல் நான்கின் மேல் போய் நின்றது. அவருக்குத் தெரியாமலே அழுத்தியிருக்கலாம். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டை அழுத்தினேன். 'நன்றி' என்று வந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல, "அய்யோ, தண்ணிகூட குடுக்கல" என்று சுவரில் கை வைத்தார். "ஒக்காருங்கக்கா" என்றேன். அதட்டலாகவே வந்துவிட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். நானே எழுந்து போய்க் குடத்தில் மொண்டு வந்து, முதலில் அவருக்குக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.