பேச்சியக்கா பின்னித் தந்த இடப்பக்கம்

காலை ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து முருகன் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தான். "சாந்தாக்கா, டீ போட்டுட்டு எழுப்புதேன், அம்மா எந்திரிக்க மாட்டேங்கா" என்றான். உள்ளே போய்ப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்தபடியே இருந்தார் பேச்சியம்மாள் அக்கா. கை சில்லிட்டிருந்தது. தலைமாட்டில் அவருடைய நூல் பை இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ரேஷன் கடைக்குப் போவதென்றாலும் மதில்மேல் எட்டிப் பார்த்து "ஏட்டி, போயிட்டு வாரேன்" என்று குரல் கொடுக்காமல் போகாத மனுஷி, இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்கிற கோபம். அழுகை அதற்குப் பிறகு வந்தது. வந்தது லேசில் நிற்கவில்லை.

கம்பெனி கேன்டீனில் அஞ்சலிக் கூட்டம் வைக்கிறோம், நீ பேசு என்று பேக்கிங் பகுதியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். நின்று பேச என்னால் ஆகாது, எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்றேன். மூடி மறைக்காமல் எழுதப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். "உன்ற கதை, உன்ற இஷ்டம். எழுது" என்றார்.

அக்காவைக் கேன்டீனில் சோறு போடுகிறவராக மட்டும் தெரிந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர் அவர். அங்கேயே கொழுந்து பறித்தார், அங்கேயே கணவரைப் பறிகொடுத்தார். வேலை முடிந்த நேரங்களில் கம்பளி நூலில் ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னி மூணாறு கடைகளுக்குக் கொடுத்தார். மகன் முருகனுக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்ததும் எலப்புள்ளிக்கு இறங்கி வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினார். வந்த பங்குனியிலேயே, கரண்ட் போன ஒரு மதியம், வேர்த்துக் கொட்டக் கொட்ட உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, இந்த வேக்காட்டுல இதை யாரு போடுவாங்க?" என்று கேட்டேன்.

"போட ஆளு இல்லன்னா கை சும்மா கெடக்குமாட்டி?" என்றார்.

சில வருஷம் கழித்து எனக்கு இடது மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள். திருச்சூரில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தார்கள். உயிர் பிழைத்தேன். டாக்டர்களும் நர்சுகளும் தங்கமானவர்கள், அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. செயற்கை மார்பு ஒன்றும் கொடுத்துப் பார்த்தார்கள். எங்கள் ஊர் வெயிலில் அதற்கடியில் வேர்த்துத் தழும்பு எரிந்ததால் கழற்றி வைத்துவிட்டேன்.

ஒருநாள் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். பருப்புக்கு நின்றுகொண்டிருக்கும்போதே அது நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் பார்த்தாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தவள்தான், அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை. லீவு முடியும் தறுவாயில் இருந்தது. வேலையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தேன். பெட்டி தூக்கி, குனிந்து நிமிர்ந்து, அத்தனை பேர் நடுவில் நிற்கிற வேலைக்கு எந்த முகத்தோடு போவது?

கஞ்சி கொண்டுவந்த அக்காவிடம் அதைச் சொல்லி அழுதேன். அவர் "ஐயோ பாவம்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தையற்காரர் அளவு பார்ப்பதைப் போல என்னை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இரு, நான் பின்னித் தாரேன்."

"எதைங்கக்கா?"

"போனதத்தான்."

முதலில் தனக்குப் பழகிய கம்பளியில் பின்னினார். வைத்துக்கொண்ட அரை மணி நேரத்தில் செந்தட்டி பட்டதுபோல் அரித்துவிட்டது. "இந்த ஊருக்குக் கம்பளி கொண்டாந்தேன் பாரு, எனக்குப் புத்தி எங்க போச்சு!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, முருகனைக் கோயம்புத்தூருக்கு விரட்டி மெல்லிய பருத்தி நூல் வாங்கிவரச் சொன்னார். அன்றுவரை அவர் பருத்தி நூலில் ஒரு கண்ணிகூடப் போட்டதில்லை. "கம்பளின்னா இழுத்த இழுப்புக்கு வரும், விட்டா சுருங்கிக்கிடும். இது என்னட்டி, வீம்பு புடிச்சுல்லா நிக்கி" என்று அதோடு மல்லுக்கட்டினார்.

மாதிரியும் புதுசு. முருகனின் போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இதே சாமானை நாலு ஊசியில் வட்டமாகப் பின்னிக் காட்டினார். அக்காவோ ரெண்டு ஊசியில் நேராகப் பின்னிப் பழகியவர். அந்தப் பாஷையும் தெரியாது. "சத்தத்த அமத்துலே, வெரலப் பாத்தாப் போதும்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். நாலு குட்டை ஊசிக்கு எங்கே போவது? பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளை வெட்டி முனையை ராவிக் கொடுத்தான் முருகன்.

முதலில் பின்னியது மோதகம்போல் கூராக நின்றது. "இத வச்சுக்கிட்டுப் போனா எதுத்தாப்புல வாரவனக் குத்திப்போடும்" என்று சொல்லிச் சர்ரென்று பிரித்தார். அடுத்தது ஊத்தப்பமாகப் பரந்துவிட்டது. அதையும் பிரித்தார். எனக்குத்தான் பதைத்தது. "பிரிச்சா நூலு நூலாத்தான இருக்கப்போவுது, ஒனக்கென்ன?" என்பார். ஒருநாள் சரியான வட்டமும் சரியான எழும்பலுமாக ஒன்று வந்தது. இலவம்பஞ்சு அடைத்து என் கையில் வைத்தார். வைத்துப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்றபோது என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கனம் போதவில்லை. கையைத் தூக்கினால் தோளுக்கு ஏறிக்கொண்டது. அக்கா யோசித்து, உள்ளே ஒரு சின்னப் பையில் பச்சைப்பயறு போட்டுத் தைத்தார். பிரமாதம்! கல் மாதிரி உட்கார்ந்தது. அன்று முழுக்க வீட்டுக்குள் குனிந்தேன், நிமிர்ந்தேன், பரண் ஏறினேன். அப்படியே துவைத்து, யார் கண்ணிலும் படக்கூடாதென்று குளியலறையில் துண்டுக்கடியில் உலர்த்தினேன். ரெண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, முளைச்சிருச்சுங்க!" என்று மதிலுக்கு மேலே கத்தினேன்.

என்னமோ ஏதோ என்று ஓடி வந்தவர், பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க மலைக் குளுருல பயறு நனைஞ்சா லேசுல கண்ணு முழிக்காதுட்டி. ஒங்க ஊரு சூடு சும்மா விடாது போலுக்கே!" சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "தாளிச்சரலாமுங்களா?" என்று கேட்டார், பாவி. தழும்பு இழுக்க இழுக்கச் சிரித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

பயறு போய்ச் சித்தூர்ப் புழை ஆற்றின் வழுவழுப்பான பொடிக் கற்கள் வந்தன. துவைக்கும்போது உள்ளிருக்கும் கல் பையை எடுத்துவிட, பின்னலின் பின்பக்கம் ஒரு பொத்தான் வைத்தார். கார்த்திகையில், மலையாளத்துக்காரர்கள் விருச்சிகக் காற்று என்பார்களே, அது வாழையைச் சாய்த்துக்கொண்டு அடிக்கிறபோது, என்னை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார். கம்பெனி கேட்டுவரைக்கும் போக வேண்டுமாம். "குழியில விடுட்டி! குழியில விடு!" வழி நெடுக இதே கத்தல். கஞ்சிக்கோட்டு ரோட்டில் குழிக்கு என்ன பஞ்சம்? கேட்டில் இறங்கித் தொட்டுப் பார்த்தேன். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. காற்றில் முந்தானை பறந்தது, பறக்கட்டும் என்று விட்டேன். அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன்.

விஷயம் காதும் காதும் வைத்தாற்போல் பரவியது. பெருமாட்டியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பெண்கள் கேன்டீனின் பின்வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி அக்காவைக் கேட்பார்கள். அவர் மட்டும் குரலைத் தாழ்த்த மாட்டார். "இது ஆசுபத்திரிச் சாமான் இல்ல, உடுதுணி. உடுதுணிக்கு என்னத்துக்கு வெக்கம்? நிமுந்து நில்லு, அளவு பாக்கணும்" என்பார். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு வளைவு. ஒரே மாதிரியை யாருக்கும் திருப்பிப் பின்னிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அக்காவை எடுத்த அன்று வாசலில் எனக்குத் தெரியாத பெண்கள் நிறையப் பேர் நின்றார்கள். யார் நீங்கள் என்று முருகன் கேட்கப் போனான். நான் தடுத்தேன். எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள், அதுவே எனக்குப் போதும்.

மூன்றாம் நாள் பால் தெளிக்க மயானத்துக்கு நானும் போனேன். அடக்கம் செய்த மண்மேல் நவதானியம் தூவினோம். கூட்டம் நாளைக்கு, எழுதியதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் இன்று ஷிப்டு முடிந்ததும் ஸ்கூட்டரை அங்கே விட்டேன். கார்த்திகைக் காற்று ஆளைத் தள்ளியது. என் முந்தானை தலைக்குமேல் பறந்தது. கை அதைப் பிடிக்கப் போகவில்லை.

மண்மேட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் பச்சைப்பயறு எட்டிப் பார்த்திருந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் இருப்பதுபோல், வாய்விட்டுக் கத்தியே சொன்னேன்:

"பேச்சியக்கா, முளைச்சிருச்சுங்க! போயிட்டு வாங்க!"